ரெண்டு இஞ்ச் உசரம்

சித்தெ நகந்து உக்காரு அம்மிணி. இந்தப் பை உன்ற கால்ல விழுந்துச்சுன்னா நான் பொறுப்பில்லை. பயந்துக்காதே, களவு நகையெல்லாம் ஒண்ணும் இல்ல. போல்ட்டு. அத்தனையும் போல்ட்டு. எடுத்துப் பாரு, நீளத்தைப் பாரு, கனத்தைப் பாரு. தலையில எட்டு புள்ளி எட்டுன்னு அடிச்சிருக்குதா? அது இருந்தாத்தான் நல்ல இரும்பு. உக்கடத்துல ஹக்கீம் பாய் கடையில கத்திரிக்கா பொறுக்கற மாட்டம் ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்தேன். "ஏனுங்கம்மா, இது காய்கறிக் கடையா?"ன்னு கேட்டாரு. "சொத்தை இருந்தா எடுக்க மாட்டேனுங்க பாய்"னு சொல்லிப்போட்டேன்.

பொள்ளாச்சிதானே போறே? நல்லதாப் போச்சு. பேச்சுத்துணை இல்லீன்னா பஸ்ஸுல எனக்கு வாந்தி வந்துரும்.

இத்தனை போல்ட்டு எதுக்குன்னு பாக்கறயா? ஜீப்பு விக்கறதுக்கு. சிரிக்காதே, நெசமாத்தான். எங்கூட்டுக்காரரு ஒரு ஜீப்பு வச்சிருக்காரு. அதை இன்னைக்கு வித்துத் தலை முழுகியாகோணும். இன்னைக்கு ஆனி கடைசி. நாளைக்கு ஆடி பொறந்துருச்சுன்னா ஒருத்தரும் வண்டி வாங்க வரமாட்டாங்க, அப்புறம் ஆவணிதான். அத்தனை நாளைக்கு அந்தத் தகர டப்பாவை என்னால பாத்துட்டு இருக்க முடியாது. உடுமலையில இருந்து ஒருத்தரு மத்தியானமா வாராரு. நான் போயி இந்தப் போல்ட்டையெல்லாம் மாட்ட வச்சு, சாவியைக் கையில குடுத்து அனுப்பிச்சுட்டேன்னா என்ற வெசனம் தீந்துது.

விக்கற வண்டிக்கு எதுக்குப் புது போல்ட்டுன்னு கேக்கறயா? நல்ல கேள்வி. எங்கூட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு. இப்ப மாட்டியிருக்கறது சாதா போல்ட்டு. நாளைக்கு அவங்க மலையில ஏறும்போது ஒண்ணு அந்துபோச்சுன்னா பாவம் யாருக்கு? எனக்குத்தானே?

இரு, முதல்ல இருந்து சொல்றேன். ஈச்சனாரிகூட இன்னும் வரல.

எங்கூட்டுக்காரரு பேரு திருமூர்த்தி. என்ற பேரு வசந்தாமணி. ஆனைமலைக்கு அக்கட்டால தென்னந்தோப்பு. நல்ல மனுசன் அம்மிணி, குடி கிடி ஒண்ணும் கெடயாது. ஒரே ஒரு சீக்குத்தான், ஏலம்னு காதுல விழுந்தாப் போதும், கை தானா மேல போயிரும். அப்படிக் கை தூக்கி எடுத்ததுதான் அந்த ஜீப்பு. நாலு சக்கரமும் தள்ளும், எந்த மலையானாலும் ஏறும்னாரு. எந்த மலை? எங்க தோப்புல இருக்கற பெரிய மலை எருக்குழி மேடுதான். மாட்டுக் கொட்டாயில கொண்டுபோய் நிறுத்துனாரு. வருசக்கணக்கா அங்கியே நின்னுது. முன் சீட்டுல கோழி அடை உக்காந்துது.

போன தைப்பூசத்துக்கு எங்க நங்கையா வந்திருந்தாங்க. அவரோட அக்கா. கொட்டாயை எட்டிப் பாத்துப்போட்டு, "ஏம் வசந்தாமணி, இது ஜீப்பா, கோழிக் கூடா?"ன்னு ஒரம்பரை சனம் அத்தனை பேரு முன்னாலயும் கேட்டுப்போட்டாங்க. எனக்கு வந்துது பாரு ரோசம்! "ஆடிக்குள்ள வித்துப்போடறேன் நங்கையா"ன்னு சொல்லிப்போட்டேன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி கோழிக்குத் தண்ணி வச்சாரு.

புரோக்கர் வந்து பாத்தாரு. "அம்மா, இப்படித் தரையோட தரையா கெடந்தா பழைய இரும்புக்குத்தான் போகும். மேல்பாடியை ரெண்டு இஞ்ச் தூக்கிப்போடுங்க. அப்பத்தான் பெரிய டயரு போட எடம் கெடைக்கும். கோயமுத்தூர்க்காரங்க அடிச்சுப் புடிச்சு வருவாங்க"ன்னாரு. அதாவது அம்மிணி, அடியில சேசிஸ்ஸுன்னு ஒரு எலும்புக்கூடு இருக்கும். அது மேல பாடி உக்காந்திருக்கும். ரெண்டையும் புடிச்சிருக்கற போல்ட்டைக் கழட்டி, நடுவுல கட்டை வச்சு, நீளப் போல்ட்டாப் போட்டு முடுக்கோணும். சோத்துப் பானைக்கு அடியில புரிமணை வைக்கறோமே, அந்த மாதிரிதான். அவ்வளவுதான் சங்கதி.

ஆனா கட்டைக்கு எங்க போறது? எங்கூட்டுக்காரரைக் கோயமுத்தூருக்கு அனுப்பிச்சேன். கட்டை வாங்கப் போன மனுசன் காத்து ஹாரன் வாங்கிட்டு வந்து நிக்கறாரு! அடிச்சுக் காட்டுனாரு பாரு, பால் கறந்துட்டு இருந்த எருமை சொம்பைத் தட்டிவிட்டுட்டு ஓடியே போச்சு. அப்பத்தான் முடிவு பண்ணுனேன், இதுல நாம எறங்குனாத்தான் ஆகும்னு. எனக்கு ஜீப்பு மேல என்ன ஆசை? வேலை முடியோணும், வண்டி போகோணும், அவ்வளவுதான்.

எங்கூர்ல எதுக்கும் தென்னைதான் அம்மிணி. வாய்க்காப் பாலத்துக்குத் தென்னை, கொட்டாய்த் தூணுக்குத் தென்னை. காத்துல சாஞ்ச மரம் ஒண்ணு தோப்புலயே கெடந்துது. அடிமரம், கருங்கல்லுத்தான். அறுத்து வட்டக்கட்டையாப் போட்டாச்சு. மெக்கானிக்கு கிட்டுச்சாமி தலையைச் சொறிஞ்சான். "ஏனுங்க்கா, தென்னையா?"ன்னான். "உன்ற ஊடே தென்னை மேலதானே நிக்குது, மாட்டு, சாமி"ன்னேன். மாட்டுனான். நின்னுது பாரு ஜீப்பு, கம்பீரமா!

அடுத்த வாரமே எங்க நங்கையா மகளுக்கு நிச்சயம். விடுவனா? பட்டுச்சீலை கட்டி, பூ வச்சு, அந்த ஜீப்புலயே கெளம்பிட்டோம். வழியில கோடை மழை, அப்படி ஒரு மழை. தென்னங்கட்டை தண்ணியக் குடிச்சு ஊதிப்போச்சு. ஒரு பக்கம் அதிகமா, ஒரு பக்கம் கம்மியா. பாடி கோணிட்டுது. மண்டப வாசல்ல நிறுத்துனா, ரெண்டு கதவும் தொறக்க மாட்டேங்குது! பன்னீர் தெளிக்கறவங்க வந்து நிக்கறாங்க. எங்கூட்டுக்காரரு சன்னல் வழியா கையை நீட்டிச் சந்தனம் தொட்டுக்கறாரு. "உள்ள வாங்க, உள்ள வாங்க"ங்கறாங்க. எங்க வாரது? நாங்களே உள்ளதான் இருக்கறோம்! கடைசியில பின்பக்கமா, தேங்கா மூட்டை எறக்கற மாட்டம் எங்களை எறக்குனாங்க. நங்கையா சிரிச்ச சிரிப்புல போட்டிருந்த கூலிங்கிளாஸே கீழ விழுந்துபோச்சு. எனக்குக் கோவம் வந்துருக்கோணுமில்ல? வரல. நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டுச் சிரிச்சோம் சிரிச்சோம், நிக்கவே முடியல. பந்தியில பாயசத்துல புரையேறிச்சு.

சரின்னு தென்னையை விட்டாச்சு. அடுத்தது ரப்பரு. பொள்ளாச்சியில லாரி டயரை அறுத்து மாட்டுக்குத் தண்ணித்தொட்டி செய்வாங்கல்ல, அங்க போயி துண்டு துண்டா வாங்கியாந்து, அடுக்கடுக்கா வச்சோம். தண்ணி குடிக்காது, ஊதாது. ஆனா என்ன ஆச்சு தெரியுமா? வண்டி நின்னதுக்கப்புறமும் பாடி நிக்க மாட்டேங்குது! பிரேக்கு அடிச்சா சக்கரம் நின்னுரும், நாங்க மட்டும் முன்னாலயும் பின்னாலயும் ஆடிட்டே இருக்கறோம், சாமி வந்த மாட்டம். எங்கூட்டுக்காரரு, "தூரி கட்டி ஊஞ்சல் ஆட்டற மாதிரி சொகமா இருக்குது வசந்தா, இப்படியே விட்டர்லாம்"னாரு. பேச்சைப் பாரு. வாங்கறவங்களுக்கு மயக்கம் வந்துருமேன்னு கழட்ட வச்சேன்.

கிணத்துக்கடவு வந்துருச்சா? இரு, போன் அடிக்குது.

சொல்லுங்க. வந்துட்டாரா? மத்தியானம்னாரே! சரி, உக்கார வைங்க. எளநி வெட்டிக் குடுங்க. அந்தப் பக்கத்து மரத்துல வெட்டாதீங்க, அது சப்புனு இருக்கும். நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க விட்டுராதீங்க, ஆமா.

உடுமலைக்காரரு முன்னாலயே வந்துட்டாராமா. ஆளு அவசரக்காரரு போலிருக்குது. எனக்கு அவசரக்காரங்களைக் கண்டாலே ஆகாது. சரி, நமக்கென்ன.

எங்க விட்டேன்? கட்டை. ரப்பரும் தோத்துப்போச்சு. நான் தூக்கமில்லாமக் கெடக்கறேன். ஒரு நாள் இட்லிக்கு ஆட்டிப்போட்டு கிரைண்டர் கல்லைக் கழுவிட்டு இருந்தேன். கல்லு நடுவுல வெள்ளையா ஒரு கட்டை இருக்கும், பாத்திருக்கறயா? அதுலதான் கல்லே சுத்தும். தடவிப் பாக்கறேன். எத்தனை வருசம் சுத்தியிருக்கும்? எத்தனை படி அரிசி, எத்தனை கொடம் தண்ணி? ஊதவும் இல்ல, நசுங்கவும் இல்ல. எனக்கு உச்சந்தலையில சுளீர்னுது. "ஏனுங்! ஓடியாங்க! கட்டை கெடைச்சுருச்சு!"ன்னு கத்துனேன். அவரு பாம்புன்னு நெனச்சுத் தடியோட ஓடியாந்தாரு.

அந்தக் கல்லை அப்படியே மடியில வச்சுட்டு, இதே பஸ்ஸுலதான் கோயமுத்தூரு போனேன். கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை, கிரைண்டருக்கு இந்தக் கட்டை கடையறவங்க. நைலானாம். "எத்தனை லிட்டர் கிரைண்டருக்கும்மா?"ன்னு கேட்டாங்க. "ஆறு பேரு உக்கார்ற கிரைண்டருங்க"ன்னேன். பட்டறையே சிரிச்சுது. மாதிரிக்கு நாலு துண்டு கடைஞ்சு, நடுவுல ஓட்டை போட்டுக் குடுத்தாங்க.

நான் லேசுல நம்பற ஆளா? இஞ்சின் சூட்டுல இளகிப்போச்சுன்னா? ஊட்டுக்கு வந்து நாலு துண்டையும் குக்கர்ல போட்டு விசில் விட்டேன். போட்டுட்டு மாட்டைப் புடிச்சுக் கட்டப் போயிட்டேன். எங்கூட்டுக்காரரு பசியோட வந்திருக்காரு. குக்கரைத் தொறந்திருக்காரு. வெள்ளையா, உருளையா, நடுவுல ஓட்டையோட நாலு துண்டு. மனுசன் நல்லி எலும்புன்னு நெனச்சுத் தட்டுல போட்டுச் சோத்தைப் போட்டுக்கிட்டு, ஒண்ணை எடுத்து உறிஞ்சு பாத்திருக்காரு! நான் வரும்போது வாயில நைலான் கட்டை. "வசந்தா, கறி வேகவே இல்ல, உப்பும் பத்தல"ங்கறாரு. அய்யோ, வயித்தைப் புடிச்சுட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டேன் அம்மிணி. கட்டை இம்மிகூட இளகல. அவரு பல்லுக்கே அசையல, இஞ்சின் சூட்டுக்கா அசையும்?

அப்புறம் மொத்தக் கட்டையும் கடைஞ்சு வாங்கியாந்தாச்சு. பாடியைத் தூக்கற அன்னைக்குப் பாக்கோணும் நீ. புளியமரத்துக் கெளையில சங்கிலி கட்டி, கிட்டுச்சாமி ஒரு பக்கம், எங்கூட்டுக்காரரு ஒரு பக்கம். பாடி கொஞ்சங் கொஞ்சமா மேல எந்திரிக்குது. "கட்டை வைக்கறது யாரு?"ன்னான் கிட்டுச்சாமி. அவரு தொப்பை உள்ள போகாது. நைட்டி மேல அவரு சட்டையைப் போட்டுட்டு நானே மல்லாக்கப் படுத்து உள்ள போயிட்டேன். ஒவ்வொரு கட்டையா வச்சு, ஓட்டைக்கு நேரா ஓட்டை பாத்து, "எறக்குங்க"ன்னேன். உக்காந்துது பாரு, ஒரு சத்தம். கச்சிதமா. மூஞ்சியெல்லாம் கிரீஸு. எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே, என்ற புள்ளை பொறந்தப்பகூட அப்படி, சேச்சே, அப்படிச் சொல்லக்கூடாது. ஆனா ரொம்பச் சந்தோசம் அம்மிணி.

தூக்குனா வேலை அதோட முடியல. கியர்த் தண்டு குட்டையாப் போச்சு, ரேடியேட்டர் பைப்பு எட்டல. கியருக்கு லேத்துல ஒட்டுப் போட்டேன், பைப்புக்குத் தோட்டத்து மோட்டார் ஓஸ் குழாயே சரியா சேந்துது. சோதிச்சுப் பாக்கோணுமில்ல? வாங்கறவங்ககிட்ட தைரியமாச் சொல்லோணுமில்ல? அதனால தெனமும் சாயங்காலம் நானும் அவரும் ஓட்டிட்டுப் போறோம். ஆத்துக்குள்ள எறங்கறோம், அந்தப் பக்கம் ஏறறோம். அன்னைக்கு ஒரு கரட்டு மேல ஏத்தி நிறுத்துனாரு. கீழ எங்க தோப்பு சின்னதாத் தெரியுது. கடலை வாங்கிட்டுப் போயிருந்தோம். பேசிட்டே உக்காந்திருந்தோம். என்ன பேசுனோம்னு கேட்டா எனக்கே தெரியாது. புள்ளைக ரெண்டும் வேலைக்குப் போனதுக்கப்புறம் எங்கூட்டுல "சோறு போடட்டா"ன்னு நான் கேப்பேன், "போடு"ம்பாரு, அத்தோட சரி. இப்ப வாய் மூட மாட்டேங்கறாரு அந்த மனுசன். எல்லாம் சோதனைக்குத்தான். சோதிக்காம விக்க முடியுமா?

விக்கத்தான் பாக்கறேன், வர்றவங்க சரியில்ல. பல்லடத்துல இருந்து ஒருத்தன் வந்தான். டயரைக் காலால உதைச்சுப் பாத்தான். கையில பாத்தா என்ன? போயிட்டு வாங்கன்னு சொல்லிப்போட்டேன். கோயமுத்தூர்ல இருந்து ஒரு டாக்டரு வந்தாரு, தங்கமான மனுசன். பங்களா வாசல்ல அழகுக்கு நிறுத்தி வைக்கப்போறேன்னாரு. சும்மா நிறுத்தி வைக்கறதுக்கா நான் அடியில படுத்து கிரீஸ்ல பொரண்டேன்? அதுக்கு எங்க மாட்டுக் கொட்டாயே போதுமே. அவருக்கும் இல்லைன்னுட்டேன். எங்கூட்டுக்காரரு ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "உன்ற இஷ்டம்"ங்கறாரு. ஆனா இன்னைக்கு வுடக்கூடாது. நங்கையாகிட்ட குடுத்த வாக்கு இருக்குதே.

மறுக்கா அடிக்குது பாரு. கோயில்பாளையம் தாண்டிட்டோம், அதுக்குள்ள என்ன?

சொல்லுங்க. புடிச்சுப்போச்சா? அட்வான்ஸா? வெத்தலை பாக்கோடயா? சரி... சரி... என்ன சொன்னாரு? கட்டையைக் கழட்டறாரா? எந்தக் கட்டையை? எல்லாத்தையுமா? நீங்க போனை அவருகிட்ட குடுங்க. குடுங்கன்னு சொல்றனில்ல.

வணக்கமுங்க. எளநி குடிச்சீங்களா? நல்லதுங்க. கட்டையைக் கழட்டிப்போட்டுப் பழையபடி எறக்கப்போறீங்களாமா? ஏனுங்க? ஓ... உங்கம்மாவா... முட்டி வலிங்களா... ஆமாங்க, உசரம் ஏற முடியாதுதானுங்க. அவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குங்களா... நல்லதுங்க. நீங்க சொல்றது சரிதானுங்க... இல்லீங்க, கேக்குதுங்க... இருக்கறனுங்க.

நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. வண்டி விக்கறதில்லீங்க. ஆமாங்க. ஆடியிலயும் இல்லீங்க, ஆவணியிலயும் இல்லீங்க. உங்கம்மாளைக் கேட்டேன்னு சொல்லுங்க. போனை அவருகிட்ட குடுங்க.

ஏனுங், இருக்கறீங்களா? அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க. எதுல வாரீங்க? ம்... ம்... என்ன? சரி. வாங்க.

வச்சுட்டாரு.

என்னை ஏன் அப்படிப் பாக்கறே அம்மிணி? நான் என்ன பண்ணட்டும்? அந்த மனுசன்மேல குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. பெத்தவளுக்காக எறக்கறேங்கறாரு. ஒரு பொய்யாவது சொல்லலாம்னு பாத்தேன், வாய்ல வரல. எனக்கு அதைக் குடுக்க மனசில்ல. அவ்வளவுதான்.  சிரிப்புத்தான் வருது. நங்கையா கேப்பாங்க, கேக்கட்டும். அவங்களையும் ஒரு நாளைக்கு ஏத்திட்டுப் போயி ஆத்துல எறக்கறேன்.

கடைசியா அவரு என்ன சொன்னாருன்னா கேக்கறே?  "பஸ் ஸ்டாண்டுலயே நில்லு, நான் வந்து கூட்டிக்கறேன்"னாரு. பொள்ளாச்சி வரைக்கும் வந்து அவரு என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல. எதுல வாரீங்கன்னு கேட்டனா, "என்ற ஜீப்புலதான்"னாரு. நான் "ம்"னேன். மறுபடியும் "ம்"னேன். அவருக்குத் தெரியும் அந்த "ம்". அப்புறம் அத்தனை சன்னமா, அந்த உடுமலைக்காரருக்குக் கேக்காம சொல்றாரு, "சரி, சரி, உன்ற ஜீப்புலதான் வாரேன். எறங்கி நில்லு."